முதல் சம்பளம் வரும் வரை: ஜப்பானில் ஆங்கிலத் துணை ஆசிரியரின் முதல் எழுபது நாட்கள்

மார்ச் 22 அன்று விமானம் இறங்குகிறது. ஏப்ரல் முதல் வாரத்தின் கடைசியில் பள்ளி திறக்கிறது. ஏப்ரல் மாதச் சம்பளம் கணக்கில் விழுவதோ மே 31இல். ஜப்பானுக்குப் புதிதாகப் போகும் ஆங்கில ஆசிரியர் தடுமாறுவது பெரும்பாலும் இந்த எழுபது நாட்களுக்குள்தான். அதற்கும் பாடம் நடத்தும் திறமைக்கும் சம்பந்தம் குறைவு. எந்தக் காகிதத்தை முதலில் வாங்க வேண்டும் என்ற வரிசை தெரியாததும், கையில் போதிய பணம் இல்லாததுமே காரணம்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது ஒரு தனி மனிதரின் கதை அல்ல. ஆள் அனுப்பும் நிறுவனம் ஒன்றின் வழியாக ஒரு சிறு நகரத்துக்குப் போய், ஒரு நடுநிலைப் பள்ளியிலும் இரண்டு தொடக்கப் பள்ளிகளிலும் மாறி மாறி வேலை பார்க்கும் ஒருவருக்கு வழக்கமாக நேர்வதை ஒரே கோவையாக அடுக்கியிருக்கிறோம். அங்கே இந்த வேலைக்குப் பெயர் ஏஎல்டி, அதாவது துணை மொழி ஆசிரியர். மாதச் சம்பளம் 2,30,000 யென், வாடகை 48,000 யென் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம்.

1987இல் தொடங்கிய ஜெட் என்ற அரசுத் திட்டத்தில் போகிறவர்களின் நிலை வேறு. அவர்கள் கோடையில் போய் இறங்குகிறார்கள், விமானச் செலவு திட்டத்தினுடையது, வீடு தேடவும் வேலை கொடுக்கும் கல்வி வாரியம் பொதுவாக உதவி செய்கிறது. நிறுவனம் வழியாகப் போகிறவருக்கு இவற்றில் பாதியாவது சொந்தப் பொறுப்பு.

ஊரை விட்டுப் புறப்படும் முன்

பள்ளிகளில் வேலை பார்க்கும் ஏஎல்டிக்குக் கிடைப்பது 'க்யோயிகு', அதாவது 'கல்வி' என்ற விசா வகை. தனியார் ஆங்கிலப் பயிற்சி மையங்களில் சேர்கிறவர்களுக்கு வேறு வகை. 'கல்வி' வகைக்குப் பட்டம் மட்டும் போதாது. கற்பிக்கப்போகும் மொழியிலேயே 12 ஆண்டுகள் கல்வி பெற்றிருக்க வேண்டும் என்பது விதி. தமிழ்நாட்டிலிருந்து விண்ணப்பிக்கிறவர்களை முதலில் வடிகட்டுவது இதுதான். தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கில இலக்கியத்தில் பட்டம் வாங்கியவர், எவ்வளவு நன்றாகப் பேசினாலும் இங்கே சிக்கிக்கொள்வார். ஆங்கிலவழியில் படித்தவர்கள் 'பயிற்றுமொழி ஆங்கிலம்' என்ற கடிதத்தைப் படித்த ஒவ்வொரு பள்ளியிலிருந்தும், எந்த வகுப்பிலிருந்து எந்த வகுப்பு வரை என்று எழுதி வாங்கி வைக்க வேண்டும். மாற்றுச் சான்றிதழில் அந்த விவரம் இல்லாத பள்ளிகள் நிறைய. நிறுவனம் கேட்ட பிறகு பழைய பள்ளியின் அலுவலகத்துக்கு அலைய ஆரம்பித்தால் ஏப்ரல் போய்விடும்.

ஒப்பந்தத்தில் மூன்று வரிகளைத் தேடிப் படியுங்கள். முதலாவது, சம்பளம் எந்தத் தேதி வரை கணக்கிடப்பட்டு எந்தத் தேதியில் தரப்படும். மாதக் கடைசி வரை கணக்கிட்டு அடுத்த மாதக் கடைசியில் தருவது பல நிறுவனங்களின் வழக்கம். இரண்டாவது, ஆகஸ்ட், டிசம்பர், மார்ச் மாதங்களில் முழுச் சம்பளமா, வேலை நாட்களுக்கு மட்டுமா. விடுமுறை மாதங்களில் வெட்டும் ஒப்பந்தத்தில் 2,30,000 என்பது ஆண்டு முழுவதும் வரும் தொகை அல்ல. மூன்றாவது, வார வேலைநேரம். 29.5 மணி என்று போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள். முழுநேர ஊழியரின் நேரத்தில் நான்கில் மூன்று பங்கை எட்டாமல் வைத்து, மருத்துவமும் ஓய்வூதியமும் அடங்கிய ஊழியர் காப்பீட்டிலிருந்து நிறுவனங்கள் விலகி நிற்கப் பயன்பட்ட எண் அது. 2024 அக்டோபரிலிருந்து 51 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களில், சம்பளம் உள்ளிட்ட மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால், வாரம் 20 மணி வேலை பார்க்கிறவரையே சேர்த்தாக வேண்டும்.

எவ்வளவு பணம் கொண்டுபோக வேண்டும்

வீட்டைச் சொந்தமாகப் பிடித்தால் ஆகும் கணக்கைப் பாருங்கள். மார்ச் மாதத்தின் மிச்ச நாட்களுக்கு 15,000. ஏப்ரல் வாடகை 48,000. 'ஷிகிகின்' என்ற முன்பணம் 48,000. 'ரெய்கின்' என்ற, திரும்பி வராத, வீட்டுக்காரருக்கான நன்றிப் பணம் 48,000. தரகருக்கு ஒரு மாத வாடகையும் 10 சதவீத வரியும் சேர்த்து 52,800. ஜாமீன் நிறுவனத்துக்கு அரை மாத வாடகை 24,000. தீக் காப்பீடு 18,000. பூட்டு மாற்ற 16,500. மொத்தம் 2,70,300 யென், வாடகையைப்போல் ஐந்தரை மடங்குக்கும் மேல். சாவி கையில் வரும் முன்பே இது போய்விடும்.

உள்ளே போனால் வெறும் அறை. மின்விளக்கு, திரைச்சீலை, அடுப்பு எதுவும் இருக்காது. அடுப்பு, இரண்டு கூரை விளக்கு, திரை, படுக்கை, பழைய ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும், ரைஸ் குக்கர் என்று சிக்கனமாக வாங்கினாலும் 90,000 ஆகும். இரண்டு மாதச் சாப்பாடு 70,000. போன், மின்சாரம், தண்ணீர், பயணம் 50,000. மே மாத வாடகை ஏப்ரல் கடைசியிலும், ஜூன் மாத வாடகை மே கடைசியிலும் என்று இரண்டு 48,000. ஆக 5,76,300 யென். ஆறு லட்சம் யென் இல்லாமல் இந்தப் பாதையில் கிளம்புவது ஆபத்து. நிறுவனமே சாமான்களோடு வீடு தந்தால் பாதி போதும். அதற்குப் பதில் வாடகை சற்றுக் கூடும், வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டியிருக்கும். முதல் ஆண்டுக்கு அந்த ஏற்பாடே மேல் என்பது எங்கள் கருத்து.

முடிச்சு அவிழும் வரிசை

வங்கிக் கணக்கு திறக்க போன் எண் கேட்பார்கள். போன் இணைப்புக்கு வங்கிக் கணக்கோ கடன் அட்டையோ கேட்பார்கள். வீட்டுத் தரகர் இரண்டையும் கேட்பார். முகவரி இல்லாமல் எதுவுமே நகராது. புதியவர்கள் செய்யும் தவறு, மறுநாள் காலையே வங்கிக்குப் போய் நிற்பது. அங்கே மென்மையாகத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

தொடக்கம் விமான நிலையம். நரிட்டா, ஹனேதா, கன்சாய் போன்ற பெரிய விமான நிலையங்களில் குடிநுழைவுச் சோதனையிலேயே ரெசிடென்ஸ் கார்டு கையில் கிடைக்கிறது. அதன் பின்பக்கத்தில் முகவரிக் கட்டம் காலியாக இருக்கும். வீடு அமைந்ததும் நகராட்சி அலுவலகத்துக்குப் போய் அதை நிரப்பிக்கொள்வதுதான் முதல் வேலை. சட்டம் 14 நாள் தருகிறது, ஆனால் இரண்டாம் மூன்றாம் நாளே போய்விட வேண்டும். கார்டு, பாஸ்போர்ட், வீட்டு ஒப்பந்தம் மூன்றும் போதும். அதே வரிசையில் நிற்கும்போதே 'ஜூமின்ஹ்யோ' என்ற குடியிருப்புச் சான்றில் இரண்டு படி வாங்கிக்கொள்ளுங்கள், ஒன்றுக்குச் சுமார் 300 யென். நிறுவனம் காப்பீட்டில் சேர்க்கவில்லை என்றால் தேசிய மருத்துவக் காப்பீட்டுக்கும் அங்கேயே பதிய வேண்டும். காப்பீடு எதுவானாலும் மருத்துவமனையில் நாம் கட்டுவது 30 சதவீதம்.

பதிவு முடிந்த இரண்டு மூன்று வாரத்தில் 'மை நம்பர்' என்ற 12 இலக்கத் தனிநபர் அடையாள எண் தாங்கிய கடிதம் பதிவுத் தபாலில் வரும். சம்பளக் கணக்குப் போட நிறுவனம் அந்த எண்ணைக் கேட்கும். இங்கே ஒரு சின்ன விஷயம் பலரைக் கவிழ்க்கிறது: தபால் பெட்டியில் பெயர் ஒட்டியிருக்கவில்லை என்றால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பி எடுத்துப்போய்விடுவார். குடிபுகுந்த அன்றே பெயரை ஆங்கிலத்திலும், வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் ஜப்பானிய எழுத்தான கதகானாவிலும் எழுதி ஒட்டிவிடுங்கள்.

அடுத்தது போன். முதல் வாரத்துக்கு டேட்டா சிம் போதும். முகவரி எழுதிய கார்டு வந்தவுடன் பேசும் வசதியுள்ள, எஸ்எம்எஸ் வரும் எண்ணை எடுக்க வேண்டும். இந்தியக் கடன் அட்டை சில சேவைகளில் ஏற்கப்படும், சிலவற்றில் படாது. அப்போது முன்பணம் கட்டும் சிம்மே வழி. எண் வந்த பிறகு வங்கி. நாட்டுக்கு வந்து ஆறு மாதம் ஆகாதவர்களிடம் பல வங்கிகள் தயங்கும். அஞ்சலக வங்கியான 'யூச்சோ'வில் பெரும்பாலும் காரியம் நடக்கும். வேலைச் சான்று, கார்டு, ஜூமின்ஹ்யோ மூன்றையும் கொண்டுபோனால் கேள்விகள் குறையும். பெயர் முத்திரையான 'ஹான்கோ' இல்லாமல் கையெழுத்தில் திறக்கும் வங்கிகளும் உண்டு, ஆனால் பள்ளியின் வருகைப் பதிவில் முத்திரை கேட்கலாம் என்பதால் கதகானாவில் பெயர் செதுக்கிய மலிவான ஒன்றைச் செய்து வைத்துக்கொள்வது நல்லது.

பெயர் என்ற சிக்கல்

தமிழர்களுக்கு இது தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். ஜப்பானியப் படிவங்கள் எல்லாம் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்திருக்கின்றன. நம்முடைய பாஸ்போர்ட்டிலோ குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்து, அப்பா பெயரும் சொந்தப் பெயரும் ஒரே கட்டத்தில் நீளமாக இருப்பது சகஜம். இதற்கு மேல் கதகானா வருகிறது. செந்தில் என்ற பெயரை 'சென்திரு' என்றும் எழுதலாம், 'செந்திரு' என்றும் எழுதலாம், 'சென்சிரு' என்றும் எழுதலாம். நகராட்சி ஊழியர் ஒருவிதமாக எழுதுவார், வங்கி ஊழியர் காதில் விழுந்தபடி இன்னொருவிதமாக எழுதுவார்.

ஜப்பானில் வங்கிப் பரிமாற்றம் கணக்கு எண்ணோடு சேர்த்துக் கதகானாப் பெயரையும் பார்க்கிறது. நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் ஓர் எழுத்து மாறினால் பணம் திரும்பிப் போகும். மே 31க்காகக் காத்திருப்பவருக்கு அது இன்னும் ஒரு வாரப் பட்டினி. ஆகவே நகராட்சிக்குப் போகும் முன்பே ஒரே ஒரு எழுத்துக்கூட்டலை முடிவு செய்து, அச்சடித்த துண்டுச் சீட்டில் வைத்துக்கொண்டு, எங்கே கேட்டாலும் அதையே காட்டுங்கள். கணக்குப் புத்தகம் கைக்கு வந்ததும் பெயர் அச்சிட்ட பக்கத்தைப் படம் எடுத்து நிறுவனத்துக்கு அனுப்பிவிடுங்கள். இடைவெளி எங்கே விழுகிறது என்பதுகூட அதில் தெரிய வேண்டும்.

வீட்டுக்குள்

மின்சாரத்தையும் தண்ணீரையும் இணையத்திலோ போனிலோ திறந்துவிடலாம். எரிவாயுவுக்கு மட்டும் ஆள் நேரில் வருவார், குடியிருப்பவர் வீட்டில் இருக்க வேண்டும். மார்ச் கடைசி ஜப்பான் முழுவதும் வீடு மாறும் பருவம் என்பதால் அவரைப் பிடிக்க நான்கைந்து நாள் ஆகலாம். அதுவரை வெந்நீரும் இல்லை, அடுப்பும் இல்லை. வீட்டு ஒப்பந்தம் கையெழுத்தாகும் அன்றே நேரம் குறித்துவிட வேண்டும்.

அடுப்பு வாங்குவதில் தவறு நடந்தால் அது உயிர் சம்பந்தப்பட்டது. நகரங்களில் குழாய் வழி வரும் எரிவாயு, சிறு ஊர்களில் உருளையில் வரும் எல்பி. அடுப்பின் பக்கவாட்டிலோ அடியிலோ ஒட்டிய சீட்டில் '12A・13A' அல்லது 'LPガス' என்று இருக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. எல்பி அடுப்பைக் குழாய்வழி எரிவாயுவில் மாட்டினால் தீ சரியாகப் பிடிக்காது. மாற்றி மாட்டினால் தீ உயரமாக எழும், கரி படியும், கார்பன் மோனாக்சைடு வரும். பழைய சாமான் கடையில் வாங்குகிறவர்கள் விலையைப் பார்க்கும் முன் இந்தச் சீட்டைப் பார்க்க வேண்டும்.

ஊரிலிருந்து மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அங்கே மின்னழுத்தம் 100 வோல்ட். 230 வோல்ட் மிக்ஸியின் மோட்டார் முனகும், அரைக்காது. மின்சாரக் குக்கரோ கெட்டிலோ ஐந்தில் ஒரு பங்கு வெப்பம்கூடத் தராது. மின்னழுத்தத்தை ஏற்றும் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கும் காசுக்கு அங்கேயே புது மிக்ஸி வந்துவிடும். மைக்ரோவேவ் பழையதாக வாங்கினால் 50 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா என்றும் பாருங்கள். நாட்டின் கிழக்குப் பாதி 50, மேற்குப் பாதி 60.

குப்பை நாட்காட்டியை நகராட்சியிலேயே தருவார்கள். நகரம் குறித்த பை, குறித்த கிழமை, பெரும்பாலும் காலை 8 மணிக்குள். தவறாகப் போட்ட பையில் எச்சரிக்கைச் சீட்டு ஒட்டி அங்கேயே விட்டுப்போவார்கள். தெருவில் ஒரே வெளிநாட்டவர் நீங்கள் என்றால் அது யாருடைய பை என்று யாரும் விசாரிக்க வேண்டியதில்லை.

பள்ளியில்

ஏப்ரல் 6 முதல் 8க்குள் தொடக்க விழாவும் நுழைவு விழாவும் நடக்கும். கறுப்பு அல்லது கருநீல உடை, பள்ளிக்குள் போட ஒரு ஜோடி உட்காலணி, ஆசிரியர் அறையில் சொல்ல நான்கு வாக்கிய ஜப்பானிய அறிமுகம் மூன்றும் தயாராக இருக்கட்டும். ஆசிரியர் இடமாற்றங்கள் மார்ச் கடைசியில்தான் தெரியவரும். அதனால் நிறுவனம் முன்கூட்டிச் சொன்ன ஆங்கில ஆசிரியர் அங்கே இல்லாமலும் போகலாம். யாரிடம் எதைக் கேட்பது என்று தெரியாவிட்டால் 'க்யோதோ சென்செய்' எனப்படும் துணைத் தலைமையாசிரியரிடம் போங்கள். பள்ளியின் அன்றாடம் முழுவதும் அவர் மேசையில்தான் ஓடுகிறது.

உங்கள் வேலை 'ஹாக்கென்' முறையா, 'உகெஒய்' முறையா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஹாக்கென் என்பது ஆளனுப்பும் முறை. அதில் பள்ளி உங்களுக்கு நேரடியாக வேலை சொல்லலாம். உகெஒய் என்பது குத்தகை. அதில் பள்ளி ஆசிரியர் உங்களுக்கு நேரடியாக உத்தரவிடுவது சட்டப்படி கூடாது, நிறுவனம் வழியாகத்தான் சொல்ல வேண்டும். 'இந்த வரியை இன்னொரு முறை மெதுவாகப் படியுங்கள்' என்று வகுப்பில் சொல்வதுகூட அங்கே சிக்கல். பக்கத்தில் நிற்கும் ஆசிரியர் விலகி விலகிப் போவதைப் பார்த்து, தன்னைப் பிடிக்கவில்லையோ என்று புதியவர்கள் வருந்துவதுண்டு. பல நேரங்களில் அவர் விதியைத்தான் காக்கிறார். அப்படிப்பட்ட பள்ளியில் பாடத்திட்டத்தை நிமிட வாரியாக ஒரு தாளில் எழுதி முந்தின நாளே கொடுத்துவிட்டால் வகுப்பில் உத்தரவுக்குத் தேவையே வராது.

2020இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டப்படி, 3, 4ஆம் வகுப்புக்கு ஆண்டுக்கு 35 பாடவேளை ஆங்கிலச் செயல்பாடு, 5, 6ஆம் வகுப்புக்கு மதிப்பெண்ணோடு 70. நடுநிலைப் பள்ளியில் 140. தொடக்கப் பள்ளியில் பாடவேளை 45 நிமிடம், நடுநிலையில் 50. தொடக்கப் பள்ளியின் வகுப்பாசிரியர் பலர் ஆங்கிலத்துக்கென்று பயிற்சி பெற்றவர்கள் அல்லர். எல்லாப் பாடத்தையும் எடுப்பவர்கள் என்பதால் கலந்து பேச நேரமும் இராது. பத்து நிமிடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆகவே அந்த ஒரு தாள்தான் உங்கள் இருவருக்கும் நடுவே உள்ள பேச்சு. அதில் யார் எப்போது பேசுவது, பிள்ளைகள் என்ன செய்வது, என்ன பொருள் தேவை என்ற மூன்றும் இருக்கட்டும்.

முதல் வகுப்பு எங்குமே சுய அறிமுகம். அதில் நாற்பது நிமிடம் ஊரைப்பற்றிப் பேசிவிட்டு, கடைசியில் 'கேள்வி உண்டா' என்று கேட்டால் ஒரு கையும் எழாது. ஆர்வம் இல்லாமல் அல்ல. கேள்வி கேட்கும் வாக்கியம் அவர்கள் வாயில் இன்னும் இல்லை. இதை இப்படி மாற்றலாம்: வணக்கமும் பெயரும் 5 நிமிடம், பெரிய படங்களோடு, மூன்று விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாக்கள் 15 நிமிடம், 'டூ யூ லைக்' என்ற ஒரே அமைப்பைப் பலகையில் எழுதி, பக்கத்துப் பிள்ளையோடு பழகவிட 10 நிமிடம், பிறகு எழுந்து வந்து அதே கேள்வியை ஆசிரியரிடமும் ஐந்து பேரிடமும் கேட்டுக் கையெழுத்து வாங்க 10 நிமிடம், மிச்சம் முடிவுரை. இந்தியப் பத்து ரூபாய்த் தாள் நல்ல கருவி. பின்பக்கப் பட்டியலில் 15 மொழிகள் இருக்கின்றன. 'ஹவ் மெனி லேங்வேஜஸ்' என்று கேட்டு எண்ணவிட்டால் பின்வரிசைப் பிள்ளைகூட முன்னால் வந்து தாளை உற்றுப் பார்க்கும். எழுத்துகளின் வளைவைப் பார்த்து அவர்களே கேள்வி கேட்க ஆரம்பிப்பார்கள்.

ஒரே வகுப்பில் மூன்று பிரிவு இருந்தால் அதே பாடத்தை மூன்று முறை எடுக்க நேரும். இரண்டாவது முறைக்கு முன் உள்ள பத்து நிமிட இடைவேளையில் எது இழுத்தது என்று தாளிலேயே குறித்துத் திருத்துங்கள்.

உச்சரிப்பில் திரும்பத் திரும்ப வரும் பிரச்சினை கதகானா. ஜப்பானியத்தில் 'ன்' தவிர மெய்யெழுத்து தனியே நிற்காது, அதனால் ஒவ்வொன்றுக்கும் ஓர் உயிர் ஒட்டிக்கொள்ளும். மில்க் என்பது 'மிருகு' ஆகிவிடும். 'தவறு, என்னைப்போல் சொல்' என்று பத்து முறை சொல்லவைப்பதில் பயன் குறைவு. கை தட்டவையுங்கள். 'மிருகு'வுக்கு மூன்று தட்டு, மில்க்குக்கு ஒன்று. வித்தியாசம் காதுக்கு முன்னால் கைக்குத் தெரிந்துவிடும். இஸ்கூல், இஸ்டேஷன் என்று சொல்லும் வழக்கம் நம்மிலும் உண்டு என்பதால், உயிர் எங்கிருந்து வந்து ஒட்டுகிறது என்பது தமிழ் ஆசிரியருக்கு எளிதில் பிடிபடும்.

மதிய உணவு

'க்யூஷொகு' எனப்படும் பள்ளி உணவை ஆசிரியர்களும் பணம் கட்டிச் சாப்பிடுகிறார்கள். சைவர்களுக்குச் சங்கடம் இறைச்சியில் மட்டும் இல்லை. மீன் துருவலைக் கொதிக்கவைத்து எடுத்த 'தாஷி' நீரில்தான் சூப்பும் காய்கறிக் கூட்டும் வேகின்றன. பொறுக்கி எடுத்துச் சாப்பிட வழியில்லை. சமையல் அளவு மாதக் கணக்கில் முன்பே முடிவாகிறது, அதனால் முந்தின மாதமே 'க்யூஷொகு வேண்டாம், பெட்டிச் சோறு கொண்டுவருகிறேன்' என்று துணைத் தலைமையாசிரியரிடம் சொல்லிவிட வேண்டும். தாமதமானால் சாப்பிடாத சோற்றுக்குக் காசு கட்டுவீர்கள். பிள்ளைகளோடு வகுப்பில் உட்கார்ந்து சாப்பிடும் பள்ளியாக இருந்தால் வகுப்பாசிரியருக்கும் ஒரு வரி முன்கூட்டிச் சொல்லுங்கள். மிச்சம் வைக்காமல் சாப்பிடச் சொல்லிக்கொடுக்கும் அறையில் நீங்கள் மட்டும் வேறு உணவோடு உட்காரும்போது, அவர் ஒரு வாக்கியத்தில் விளக்கிவிடுவார்.

மே 31

சம்பளச் சீட்டு வந்ததும் கழித்த தொகைகளைப் பாருங்கள். ஊழியர் காப்பீட்டில் சேர்த்திருந்தால் ஓய்வூதியத்துக்கு 9.15 சதவீதம், மருத்துவத்துக்கு ஏறத்தாழ 5, பிறகு வேலையின்மைக் காப்பீடும் வருமான வரியும் பிடிப்பார்கள். 2,30,000இல் கைக்கு 1,90,000 அளவில் வரும். ஓய்வூதியப் பணம் வீணாகாது. நாடு திரும்பிய இரண்டு ஆண்டுக்குள் விண்ணப்பித்தால் ஒரு பகுதியை மொத்தமாகத் திரும்பப் பெறலாம், கணக்கில் எடுப்பது அதிகபட்சம் 60 மாதம். இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் 2016 அக்டோபர் முதல் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருக்கிறது. இரு நாட்டுப் பணிக்காலத்தையும் சேர்த்துக் காட்ட நினைக்கிறவர் அந்த மொத்தத் தொகையை வாங்கிவிட்டால் ஜப்பான் காலம் அழிந்துவிடும்.

இந்தச் சீட்டில் குடியிருப்பு வரி இருக்காது. அது முந்தின ஆண்டின் வரிக்குரிய வருமானத்தின் மேல் சுமார் 10 சதவீதம் என்று, அடுத்த ஆண்டு ஜூனில்தான் தொடங்கும். சம்பளத்தில் பிடிக்காத நிறுவனம் என்றால் ஜூன், ஆகஸ்ட், அக்டோபர், ஜனவரி என்று நான்கு தவணைச் சீட்டுகள் வீட்டுக்கே வரும். முதல் ஆண்டு மார்ச்சில் ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்புகிறவரும் தப்ப முடியாது. ஜனவரி 1 அன்று அங்கே முகவரி இருந்தால் அந்த வரி அவருடையது. புறப்படும் முன் நகராட்சியின் வரிப் பிரிவுக்குப் போய் முன்கூட்டியே கட்டிவிடலாம், அல்லது அங்கே இருக்கும் ஒருவரை 'நோசெய் கன்ரினின்' என்ற வரிப் பிரதிநிதியாக எழுதிக்கொடுக்கலாம். பெரும்பாலும் அந்தப் பொறுப்பை ஏற்பவர் உடன் வேலை பார்த்த ஆசிரியர் ஒருவராக இருக்கும் என்பதால், வரிப்பணத்தை அவர் கையில் முன்பே கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.